சுவான்சோவில் ஒரு நாள்: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு

வவுனியா, கிளிநொச்சிக் கடைக்காரர் பலருக்குச் சீனா என்றால் குவாங்சோதான். மொத்தச் சந்தை, பொதி, திரும்ப விமானம். கையில் ஒரு நாள் மிஞ்சினால் அதை இன்னொரு கடைத்தொகுதியில் கரைக்காமல், ஃபூஜியன் கரையிலுள்ள சுவான்சோவுக்குப் போங்கள். 700 வருடங்களுக்கு முதல் தமிழ் வணிகர் சிவன் கோயில் கட்டிய துறைமுகம் அது. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முதல்நாள் இரவே போய்ச் சேர்ந்தால் ஒரு பகல் போதும்.

ஆங்கில எழுத்தில் இந்த இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். மாகாணம் ஃபூஜியனா குவாங்டொங்கா என்று பார்த்த பிறகே ரயில் ரிக்கற்றுக்குக் காசு கட்டுங்கள். சியாமென் வரை விமானத்தில் வந்தால், சியாமென் வடக்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரமளவுதான். சுவான்சோ கிழக்கு, சுவான்சோ தெற்கு என்றும் நிலையங்கள் உண்டு. பழைய நகருக்கு வெறும் ‘சுவான்சோ’தான் வசதி. ரிக்கற் பாஸ்போட் இலக்கத்தோடு பிணைந்திருக்கும், கடதாசி தேவையில்லை. தானியங்கிக் கதவு எங்கட பாஸ்போட்டைப் பெரும்பாலும் வாசிக்காது, ஆள் நிற்கிற வாசலுக்குப் போங்கள்.

விசா விஷயத்தில் குடும்பங்கள் குழம்புவதுண்டு. கனடா, லண்டன், சுவிஸ் பாஸ்போட் வைத்திருக்கும் சொந்தக்காரர், மூன்றாவது நாடொன்றுக்குத் தொடர்பயண ரிக்கற் இருந்தால், 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம். ஃபூஜியனும் அந்தத் திட்டத்துக்குள் வருகிறது. இலங்கைப் பாஸ்போட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. “அண்ணைக்குத் தேவையில்லையாம், எனக்கும் தேவைப்படாது” என்று நினைத்தால் கட்டுநாயக்காவிலேயே பயணம் முடிந்துவிடும்.

காசும் போனும்தான் அங்கே உண்மையான தலையிடி. கடைக்காரர் தாளையும் வாங்குவார், ஆனால் மிச்சக் காசு சில்லறையாகக் கிடைப்பது கஷ்டம். போனால் காசு கட்டும் அலிபே செயலியை வீட்டிலேயே இறக்கி, பாஸ்போட்டைப் பதிந்து, விசா அல்லது மாஸ்டர் அட்டையை இணைத்துவிடுங்கள். ஒரு தடவை 200 யுவானுக்குள் கட்டினால் மேலதிகக் கட்டணம் இல்லை, தாண்டினால் 3 சதவீதம். இது பிழைக்கிற இடங்கள் இரண்டு. வெளிநாட்டுப் பாவனைக்கு வங்கி அட்டையைத் திறந்துவிட்டிருக்காது. அல்லது உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி வருகிற இலங்கை சிம்முக்கு ரோமிங் இருக்காது. இரண்டையும் ஊரில் நின்றே சரிபார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக், கூகிள் எதுவும் சீன இணையத்தில் திறக்காது. ரோமிங் சிம் அல்லது வெளிநாட்டு இ-சிம் போட்டால் திறக்கும், அதன் இணைப்பு வெளிநாட்டு வலையமைப்பு வழியாகப் போவதால். ஹொட்டேல் வைஃபைக்கு மாறின கையோடு எல்லாம் நின்றுவிடும். வழி பார்க்க ஆமாப் (Amap) என்ற சீன வரைபடச் செயலி நல்லது. நேரம் எங்களைவிட இரண்டரை மணி முன்னால், வீட்டுக்கு எடுக்கும்போது நினைவிருக்கட்டும்.

இனி அந்த நாள். திங்கட்கிழமையைத் தவிருங்கள், நூதனசாலை பூட்டு. ஒக்டோபர் முதல் வாரமும் மே தின விடுமுறையும் சனக் கடல். யூலை முதல் செப்டெம்பர் வரை சூறாவளிக் காலம்.

வெள்ளன மேற்குத் தெருவுக்குப் போய் ‘மியான்சியன்ஹூ’ குடியுங்கள். நூல்போன்ற கோதுமை நூடில்சை எலும்பு, கடலுணவு அவித்த தண்ணியில் கரைய விட்டு, வத்தாளங்கிழங்கு மாவால் தடிப்பாக்கி, வெள்ளை மிளகு தூவித் தருவார்கள். எங்கட ஒடியற்கூழ் தெரிந்த வாய்க்கு அந்நியமாக இருக்காது. மேலே போடுவதை நீங்களே காட்டித் தெரிவுசெய்யலாம்: சிப்பி, முட்டை, பொரித்த மாத்துண்டு, பன்றிக் குடல், தாரா இரத்தக் கட்டி. சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. மாட்டிறைச்சி, பன்றி தவிர்ப்பவர்கள் அதைச் சீனத்தில் எழுதுவித்துப் போனில் படமாக வைத்திருங்கள், வாயால் சொன்னால் தொனி பிழைத்துவிடும். அந்த வசனத்தில் ‘பன்றி எண்ணெயும் வேண்டாம்’ என்றும் இருக்கவேண்டும். இறைச்சி இல்லாத மரக்கறியும் அதில் வதக்கப்படுவதுண்டு. முழுச் சைவக்காரருக்கு இந்தக் கூழ் சரிவராது.

அதே தெருவில்தான் 686இல் தொடங்கிய கையுவான் விகாரை. சனம் முதலில் இரட்டைக் கற்கோபுரங்களுக்கு ஓடும். கிழக்குக் கோபுரம் 48 மீற்றரளவு, மேற்குக் கோபுரம் கொஞ்சம் குள்ளம். அவை எங்கும் போகாது. முதலில் பெரிய மண்டபத்தின் பின்பக்கத்துக்குப் போங்கள். பதினாறு பட்டைக் கல்தூண்கள் இரண்டு நிற்கும். இடிந்த இந்துக் கோயிலில் இருந்ததை மிங் காலத் திருத்தத்தில் இங்கே நட்டிருக்கிறார்கள். வட்டங்களுக்குள் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், முதலை பிடித்த யானை, மருத மரங்களைச் சாய்க்கும் கண்ணன். திருவிழாக் கதாப்பிரசங்கம் கேட்டு வளர்ந்த ஆளுக்கு வழிகாட்டி தேவையில்லை. பின்பக்கம் வெளிச்சம் குறைவு, செதுக்கலும் ஆழமில்லை. போன் விளக்கை முகத்துக்கு நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் பிடியுங்கள். முன்மேடையின் அடியில் மனித முகச் சிங்கங்கள் எழுபதுக்கு மேல் உண்டு. அதைக் குனிந்து பார்க்கிற ஆட்கள் குறைவு.

விகாரை வளவுக்குள்ளேயே 1974இல் ஹௌசூ கரையில் தோண்டியெடுத்த சொங் காலக் கப்பல் இருக்கிறது. மிஞ்சிய நீளம் 24 மீற்றர், உள்ளே 13 அறைகள். ஒரு அறையில் தண்ணி ஏறினாலும் மற்றவை மிதக்க வைக்கும். சரக்கு வாசனைக் கட்டைகளும் மிளகும். மாந்தையில் அகழ்ந்தபோது கிடைத்த சீன மட்பாண்டத் துண்டுகளும் இப்படியான கடல் வியாபாரத்தில் வந்தவைதான், இந்தக் கப்பலுக்கு முந்திய காலத்தில்.

அடுத்தது கிழக்கு ஏரிப் பக்கமுள்ள கடல்வழித் தொடர்பு நூதனசாலை. வாடகைக் கார் பிடியுங்கள். பாஸ்போட் கையில் இருக்கட்டும். இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவக் கற்கள் இங்கே குவிந்திருக்கின்றன. பல, பழைய நகர மதிலை உடைத்தபோது அத்திவாரத்திலிருந்து வந்தவை. லிங்கத்தைப் பூசிக்கும் யானைச் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள், திருவானைக்கா கதை தெரிந்தவர்கள் அதில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். 1281 சித்திரையில் மங்கோலிய கானின் உடல்நலம் வேண்டிச் சிவனைப் பிரதிட்டை செய்ததாகச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் இந்த ஊரில் கிடைத்ததுதான். போகிற வழியில் கொழும்பு நூதனசாலையில் 1409ஆம் ஆண்டுக் காலி மும்மொழிக் கல்லைப் பார்த்துவிட்டுப் போனால் இங்கே நிறைய விளங்கும். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் வெட்டி, சீனக் கடற்தளபதி செங் ஹேயின் கப்பற்படை கொண்டுவந்து நட்ட கல் அது.

தூமென் தெருவின் 1009ஆம் ஆண்டுப் பள்ளிவாசலுக்கு அரை மணி காணும்.

பின்னேரம் சுன்பு மீன்பிடிக் கிராமம். சிப்பி ஓடு பதித்த சுவர்கள் முல்லைத்தீவு, மன்னார்க் கரை ஆட்களுக்குப் பிடிக்கும். கொண்டையில் பூவட்டம் சூடிப் படமெடுக்கப் பெரிய வரிசை நிற்கும். சனி, ஞாயிறில் அதற்கு நின்றால் பின்னேரம் முழுக்க அதிலேயே போய்விடும், எனக்கு அது வீண். சிப்பி முட்டைப் பொரியலை அடுப்பிலிருந்து இறக்கினவுடன் சாப்பிடுங்கள். கிழங்கு மா ஆறினால் பசையாகி எண்ணெய் மேலே நிற்கும். கடற்புழுவை அவித்து உறையவிட்ட ‘தூசுந்தொங்’ கட்டியும் விற்பார்கள். புளிக்காடியும் உள்ளியும் சேர்த்தால் வெறும் நண்டுச் சாறுபோலத்தான் இருக்கும், துணிந்தவர்கள் பார்க்கலாம். சைவக்காரருக்குக் கடற்பாசிக் கட்டியில் தேன் ஊற்றியது உண்டு.

இரவுக்கு இஞ்சித் தாரா. தெருவோரம் மண்சட்டிகள் வரிசையாகக் கொதிக்கும். முற்றின இஞ்சி, எள்ளெண்ணெய், அரிசி மது. மது சேராதவர்கள் முன்கூட்டியே விசாரியுங்கள். அரைத் தாரா இரண்டு மூன்று பேருக்குக் காணும். வெறும் சோறு ‘மீ ஃபான்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். உறைப்பு எல்லாம் இஞ்சியுடையது, மிளகாய் இல்லை. மேசையிலிருக்கும் சிவப்புச் சோஸ் இனிக்கும், ஆகவே மிளகாய்த்தூள் ஒரு சிறு பொட்டலம் கொண்டுபோவது குற்றமில்லை.

வாங்க வேண்டியது ஒன்றே: பக்கத்து அன்சி மலையின் தியெகுவான்யின் தேயிலை. காற்றில்லாமல் அடைத்த 7–8 கிராம் பொட்டலமாகத்தான் வாங்குங்கள். கொதிதண்ணியை ஒருமுறை ஊற்றிக் கொட்டிவிட்டு, இரண்டாவது ஊற்றிப் பத்து விநாடியில் வடித்துக் குடிக்கலாம். அதே இலை இன்னும் நாலைந்து தடவைக்கு வரும், பாலும் சீனியும் போட்டால் மணம் போய்விடும். பச்சையாக மணக்கும் வகையென்றால் வன்னி வெயிலில் மேசையில் விடாதீர்கள், பிரிக்காத பொட்டலங்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.