சிமென்டிங் கணக்கு: முதலில் கிணற்றை வரையுங்கள்

கேட் (GATE) தேர்வின் பெட்ரோலியம் தாளுக்குப் படிக்கும் காரைக்குடித் தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது சிமென்டிங் கணக்கைத்தான். இயந்திரவியல் படித்தவர்களுக்குச் சூத்திரம் ஒரு பொருட்டல்ல. எந்த ஆழத்தில் எந்த விட்டம் என்பதில்தான் தடுமாறுகிறார்கள். எனவே எண்ணைத் தொடுமுன் படம் போடுங்கள். நம் ஊர்களில் போர்வெல் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள்: துளை பெரிது, குழாய் சிறிது, நடுவே ஓர் இடைவெளி. எண்ணெய்க் கிணற்றில் அந்த இடைவெளியைத்தான் சிமென்ட் அடைக்கிறது.

ஒரு கணக்கு. 3000 அடி வரை பழைய 13⅜ அங்குலக் கேசிங், அதாவது கிணற்றுக்குள் இறக்கிய இரும்புக் குழாய். அதன் கீழே 6000 அடி வரை 12¼ அங்குலத் துளை. அடிவரை இறங்குவது 9⅝ அங்குலக் கேசிங், உள்விட்டம் 8.681. சிமென்ட் 3000 அடி மட்டம் வரை ஏற வேண்டும்.

12.25-இன் வர்க்கத்திலிருந்து 9.625-இன் வர்க்கத்தைக் கழித்து 1029.4 ஆல் வகுத்தால் இடைவெளியின் கொள்ளளவு, அடிக்கு 0.0558 பேரல். இந்த 1029.4-ஐ மனப்பாடம் செய்யத் தேவையில்லை: ஒரு பேரல் 9702 கன அங்குலம், அதை 3π ஆல் வகுத்தால் வந்துவிடும். 3000 அடிக்கு 167.4 பேரல், 20 சதவீதம் உபரி சேர்த்தால் 200.8.

அந்த உபரி திறந்த துளைக்கு மட்டுமே. பாறைச் சுவர் அரித்து அகன்றிருக்கும் என்பதற்காகத்தான் அதைச் சேர்க்கிறோம். இரும்புக் குழாய் அரித்து அகலாது. பழைய கேசிங்குக்குள்ளும் சிமென்ட் ஏற வேண்டுமென்று கேட்டால், அந்தப் பகுதிக்கு அதன் உள்விட்டத்தை எடுங்கள், உபரியை விடுங்கள். மொத்தத்துக்கும் சேர்த்து 20 சதவீதம் போடுகிறவர்களே அதிகம்.

கேசிங்கின் அடிமுனைதான் ஷூ; அதற்குச் சற்று மேலே உள்ளே இருக்கும் ஒருவழித் தடுப்புதான் ஃப்ளோட் காலர். இரண்டுக்கும் இடையே 80 அடி என்றால் அங்கே குழாய்க்குள் தங்கும் சிமென்ட் 5.9 பேரல். ஆக 206.7 பேரல், சுமார் 1160 கன அடி. எண்ணெய்க் கிணறுகளுக்கான கிளாஸ் ஜி வகைச் சிமென்டைக் காலனுக்கு 15.8 பவுண்டு அடர்த்தியில் கலக்கினால் மூட்டைக்கு 1.15 கன அடி கலவை கிடைக்கும்: 1009 மூட்டை. மூட்டைக்கு ஏறத்தாழ 5 காலன் தண்ணீர். அதுவே 120 பேரல். ஊரணியை நம்பி வளர்ந்த நாம் தண்ணீர்க் கணக்கை விடலாமா?

சிமென்டுக்குப் பின்னால் அனுப்பி அதைத் தள்ளும் திரவத்தைக் காலர் வரைதான் கணக்கிட வேண்டும்: 5920 அடி, கேசிங்குக்குள் அடிக்கு 0.0732 பேரல், சுமார் 433 பேரல். ஷூ வரை கணக்கிட்டு அனுப்பினால் அடியில் இருக்க வேண்டிய சிமென்ட் வெளியே தள்ளப்பட்டுவிடும்.

தேர்வில் தசம எண்களை இடையிடையே முழுமையாக்காதீர்கள் (ரவுண்ட் செய்யாதீர்கள்). கடைசியில் செய்தால் போதும். எண்ணை விடையாக இடும் வினாக்களுக்குத் தவறினாலும் மதிப்பெண் கழியாது, காலியாக விடாதீர்கள்.