மடையோரம்

“அறுத்து எடுத்துட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்ல தம்பி?”

குறுவை நாற்றங்காலுக்கு மடையைத் திறந்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றி நின்றபடி அப்பா கேட்டார்.

68 வயது. புரோஸ்டேட்டில், அதாவது ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில், புற்றுநோய். நல்லவேளை, சுரப்பியைத் தாண்டிப் பரவவில்லை.

கதிர்வீச்சு என்றால் வாரம் 5 நாள், 4 வாரம், மொத்தம் 20 முறை. பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் போய் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடித்து, மூத்திரப்பையை நிரப்பிக்கொண்டுதான் படுக்க வேண்டும். பை நிறைந்தால் குடல் சற்று விலகி, கதிர் படாமல் தப்பும்.

அறுவை சிகிச்சையில் சிறுநீர்க் கசிவுக்கு வாய்ப்பு அதிகம். கதிர்வீச்சில் குடல் தொல்லை. ஆண்மைக் குறைவு இரண்டிலும் வரலாம். அதை அப்பாவிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை, டாக்டர்தான் சொன்னார். அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

பிரிட்டனில் ஆரம்ப நிலை நோயாளிகள் 1,643 பேரை, உடனே சிகிச்சை செய்யாமல் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்து, சுமார் 15 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் 100-க்கு ஏறக்குறைய 2 அல்லது 3 பேர்தான். இரவில் அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

சரி, அப்படியானால் எந்தத் தொல்லையோடு வாழ முடியும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் அப்பாவிடம்தான் இருக்கிறது.

வெகுநேரம் மடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கசிஞ்சுகிட்டே இருந்தா சேத்துல எப்படிப்பா இறங்குறது?”

அப்புறம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“பெரிய தண்ணி பாட்டிலா ஒண்ணு வாங்கிடு.”