சாம்பல் விழும் ஊரில் ஆறு வருடம்

2019 ஜூலையில் ககோஷிமாவுக்கு வந்தோம். மூன்றாம் நாள் பால்கனியில் காய்ந்த சட்டைகளை எடுக்கப் போனால், தோள்பட்டையில் மணல் மாதிரி ஏதோ நறநறத்தது. தட்டினேன், போகவில்லை. ஈரக்கையால் தேய்த்தேன், கறையாக இழுத்துக்கொண்டது. எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம் 4 கிலோமீட்டர் தூரத்தில், சகுராஜிமா எரிமலை சாம்பல் நிறப் புகையை நிதானமாக மேலே விட்டுக்கொண்டிருந்தது.

ஜப்பானில், கியூஷூ தீவின் தெற்குக் கோடியில் இருக்கிறது இந்த ஊர். கணவருக்கு இங்கே வேலை கிடைத்தபோது எரிமலை இருக்கிறது என்று தெரியும். தினசரி வாழ்க்கையில் அது இவ்வளவு நெருக்கமாக வந்து உட்காரும் என்று தெரியாது.

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். என்னை ‘ஓகுசான்’ என்று கூப்பிடுவார். வீட்டுக்காரம்மா என்ற மாதிரி. “ஓகுசான், கார் கண்ணாடியில் சாம்பல் இருந்தால் வைப்பரைப் போடாதீர்கள். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள்” என்றார். காரணம் பிறகுதான் புரிந்தது. அடுப்புச் சாம்பல் எரிந்ததின் மிச்சம், ஊதினால் பறக்கும். எரிமலைச் சாம்பலில் எதுவுமே எரிந்ததில்லை. பூமிக்குள்ளிருந்து ஏறிவரும் பாறைக்குழம்பில் வாயுக்கள் கரைந்திருக்கின்றன. மேலே வர வர அழுத்தம் குறையும். சோடா பாட்டிலைத் திறந்தது போல நுரைத்து வெடிக்கும். அந்த வெடிப்பில் நொறுங்கிய கண்ணாடித் துகளும் பாறைத் துகளும்தான் இது. காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி கீறல் விழும். கண்ணில் பட்டால் கசக்கவே கூடாது.

கூட்டியதைச் சாக்கடையில் தள்ளக் கூடாது, அடைத்துக்கொள்ளும். அதற்கென்றே மாநகராட்சி மஞ்சள் பைகள் தருகிறது. பெயர் ‘கொக்குஹாய் புகுரோ’: சாம்பலை வெல்லும் பை. நிரப்பிக் கட்டி, தெருவில் குறித்த இடத்தில் வைத்தால் வந்து எடுத்துப்போவார்கள். அந்தப் பெயர் எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது.

அப்புறம் காற்று. இங்கே வானிலைச் செய்தியில் மழை, வெயிலோடு சகுராஜிமாவுக்கு மேலே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் சொல்கிறார்கள். கோடையில் கிழக்குக் காற்று நகரத்துக்குச் சாம்பலைக் கொண்டுவரும். குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று எதிர்ப்பக்கம், ஒசுமி தீபகற்பத்துக்குத் தள்ளிவிடும். துணி காயப்போடுவதா, ஜன்னலைத் திறப்பதா, எல்லாம் அதைப் பார்த்துத்தான்.

முதல் வருடம் இந்த மலை எப்போது நிற்கும் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். சரி, இதோடுதான் வாழப்போகிறோம் என்று ஆன பிறகு, அது என்ன என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

சுமார் 30 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு மாபெரும் வெடிப்பு. உள்ளே இருந்த குழம்பு வெளியேறியதும் மேலே இருந்த நிலம் அப்படியே உள்வாங்கி, சுமார் 20 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளமானது. ஐரா பெரும்பள்ளம் என்று பெயர். கடல் புகுந்து, இன்று ககோஷிமா வளைகுடாவின் வடபகுதியாகத் தெரிவது அதுதான். அன்று கொட்டிய வெளிறிய மண்ணை ‘ஷிராசு’ என்கிறார்கள். சில இடங்களில் 100 மீட்டருக்கு மேல் தடிமன். தண்ணீர் நிற்காத அந்த மண்ணில் நெல் சரியாக வராது, சர்க்கரைவள்ளி நன்றாக வரும். இந்த ஊர் சர்க்கரைவள்ளிக்குப் பேர்போனதன் கதை அங்கே தொடங்குகிறது.

அந்தப் பள்ளத்தின் தெற்கு விளிம்பில் சுமார் 26 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முளைத்ததுதான் சகுராஜிமா. சாம்பல், நுரைக்கல், குழம்புப் பாறை என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து எழுந்த அடுக்கு எரிமலை. வடக்கே கிடாடாகே, 1117 மீட்டர். அது அடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இன்று புகைவது தெற்கே இருக்கும் மினாமிடாகே. 1955-லிருந்து அது ஓயவே இல்லை. அதன் கிழக்குச் சரிவில் உள்ள ஷோவா எரிமலை வாய் 2006-ல் மறுபடி விழித்துக்கொண்டது. 2011-ல் மட்டும் 996 வெடிப்புகள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரிய குழம்புத் தேக்கம் மலைக்கு நேர் கீழே இல்லை. வளைகுடாத் தண்ணீருக்கு அடியில், சுமார் 10 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நான் தினமும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயம் இருப்பது அதற்கு இடது பக்கம், படகுகள் போகும் அந்த அமைதியான நீருக்குக் கீழே.

சகுராஜிமா தீவுக்குப் படகில் 15 நிமிடம்தான். 2020 இலையுதிர்காலத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். சாலையோரம் கான்கிரீட் பதுங்கிடங்கள். குரோகாமி என்ற இடத்தில் ஒரு கோயிலின் தோரண வாயில். 3 மீட்டர் உயரம், இப்போது வெளியே தெரிவது 1 மீட்டர். மீதியை 1914-ல் சாம்பலும் நுரைக்கல்லும் ஒரே நாளில் மூடிவிட்டன. தோண்டி எடுக்கலாம் என்று ஊரார் கேட்டபோது, பின்னால் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கிராமத் தலைவர் அப்படியே விடச் சொன்னாராம். மகள் அதன் மேல்கட்டையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அப்போது 6 வயது, எட்டியது.

1914 ஜனவரி 12. அதற்கு முன்பே தீவில் நில அதிர்வுகள் அடுக்கடுக்காக வந்தன. கிணறுகளில் நீர்மட்டம் மாறியது. கரையோரத்தில் வெந்நீர் பொங்கியது. பலர் தாங்களாகவே படகேறினார்கள். கிராமத் தலைவர் நகரத்து வானிலை நிலையத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சகுராஜிமா வெடிக்காது என்றே பதில் வந்தது. அதை நம்பி இருந்தவர்களும் உண்டு. காலை 10 மணிக்கு மேற்குச் சரிவு திறந்தது, சில நிமிடங்களில் கிழக்கும். கடைசியாக இருந்தவர்கள் ஜனவரிக் கடலில் குதிக்க வேண்டியதாயிற்று. மாலையில் 7.1 அளவு நிலநடுக்கம் நகரத்தையும் ஆட்டியது. மொத்தம் 58 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். குழம்பு ஓடி ஓடி, சுமார் 400 மீட்டர் அகல நீரிணையைச் சில வாரங்களில் நிரப்பி, தீவை ஒசுமி தீபகற்பத்தோடு ஒட்டவைத்துவிட்டது.

பத்து ஆண்டுகள் கழித்து, தீவின் ஒரு பள்ளிக்கூடத்தில் நினைவுக்கல் வைத்தார்கள். விஞ்ஞானக் கருத்தை நம்பிக்கொண்டிராமல், மாறுதலைக் கண்டதுமே கிளம்பத் தயாராக இருங்கள் என்று அது சொல்கிறது. அதை விஞ்ஞானத்தின் மேல் கோபம் என்று சிலர் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிணற்றைத் தினமும் எட்டிப் பார்க்கிறவர் சொல்லுக்கும் எடை உண்டு என்று கேட்கிறது அந்தக் கல். பின்னால் வந்த விஞ்ஞானமும் அதைக் கேட்டது என்றே நினைக்கிறேன். கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வு மையம் இங்கேயே உட்கார்ந்து, நிலம் எவ்வளவு உப்புகிறது, சரிகிறது என்று அளக்கிறது. 1914-ல் குழம்புத் தேக்கம் காலியானபோது வளைகுடாவைச் சுற்றித் தாழ்ந்த நிலம் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1.4 கோடி கன மீட்டர் குழம்பு கீழே சேர்கிறது என்று 2016-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த வேகத்தில் 1914 போன்ற வெடிப்புக்குத் தேவையானது சேர ஏறக்குறைய 130 ஆண்டுகள். கூட்டிப் பாருங்கள், என் மகள் முப்பதில் இருப்பாள்.

2022 ஜூலை 24, ஞாயிறு. இரவு 8 மணி தாண்டி மலை வெடித்தது. கற்கள் இரண்டரை கிலோமீட்டர் பறந்ததால் எச்சரிக்கையை உச்சமான 5-க்கு ஏற்றினார்கள். தீவில் வாய்க்கு அருகே இருந்த 51 பேரை வெளியேறச் சொன்னார்கள். மன்னார்குடியிலிருந்து அம்மா போன். “ஏன்டி, மலை வெடிச்சிடுச்சுன்னு டிவில காட்டுறான். நீ சாவகாசமா பேசுற?” காற்று, தூரம், எங்கள் தெருவுக்கு எந்த உத்தரவும் இல்லை என்பது எல்லாம் சொன்னேன். “அதெல்லாம் இருக்கட்டும், பையைக் கட்டி வாசல்ல வச்சுக்க” என்றாள். பை ஏற்கெனவே வாசலில்தான் இருந்தது: பாஸ்போர்ட், மருந்து, முகக்கவசம், மகளின் தலைக்கவசம். மூன்று நாளில் எச்சரிக்கை வழக்கமான 3-க்கு இறங்கியது. பையை நான் பிரிக்கவில்லை.

போன ஜனவரியில் பாட்டி பாதி முள்ளங்கியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். சகுராஜிமா முள்ளங்கி பந்து மாதிரி உருண்டையாக இருக்கும், ஒன்று 6 கிலோ சாதாரணம். அந்த நுரைக்கல் மண்ணில் வேர் தடையில்லாமல் பருக்கும் என்றார். பாதியில் சாம்பார் வைத்து அவர் வீட்டுக்கும் ஒரு தூக்கில் கொடுத்தனுப்பினேன். மறுநாள் தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, முள்ளங்கியை இன்னும் கொஞ்சம் வேகவிட வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. இது நம் ஊர் முள்ளங்கியைவிட மெதுவாகத்தான் வேகிறது.