23.6, 72, 88: பேக்லைட் நாட்குறிப்பு

03.07.2024, புதன்

ஒரு பாட்டியின் எல்இடி டிவி. சத்தம் வருகிறது, படம் இல்லை. ஆன் செய்ததும் ஒரு நொடி வெளிச்சம், அப்புறம் இருட்டு. டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் ஆள் நடமாட்டம் மங்கலாகத் தெரிகிறது. பேனலில் குறை இல்லை.

04.07, வியாழன்

திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு, அதாவது பேக்லைட், அதன் கனெக்டரில் மீட்டர் வைத்தாயிற்று. ஆன் ஆகும் முன் 23.6 வோல்ட். முள் மீட்டரில் பார்த்தால் வோல்டேஜின் ஓட்டம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது: 72-க்கு ஏறி ஒரு நொடி நின்றது, அங்கிருந்து 88-க்கு எகிறியது, பிறகு மெல்ல மெல்ல இறங்கி அரை நிமிடத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

இந்த ஒரே ஓட்டத்தில் எல்லாம் இருக்கிறது. 24 வோல்ட் சப்ளை காயில் வழியாக வந்து, டயோடில் 0.4 வோல்ட்டை விட்டுவிட்டு, மிச்சத்தோடு வெளியே நிற்பதுதான் 23.6. சுவிட்ச் வேலை பார்க்கும் மாஸ்ஃபெட் தூங்கும்போதும், வோல்டேஜை ஏற்றித் தரும் பூஸ்ட் சர்க்யூட்டில் இந்தப் பாதை திறந்தேதான் இருக்கும். ஒரே வரிசையாகக் கோர்த்த 24 எல்இடிக்குத் தலைக்கு ஒரு வோல்ட்கூட வராது, அதனால் எரியாது. தலைக்கு 3 வோல்ட் கிடைத்தால் 72, அப்போது எரியும். எங்கோ ஒரு எல்இடியின் உள்கம்பி குளிரில் ஒட்டிக்கொண்டிருந்து சூட்டில் பிரிகிறது. வரிசை அறுந்து கரண்ட் நின்றதும், மாஸ்ஃபெட்டை ஆட்டுவிக்கும் ஐசி அதைத் தேடி வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகிறது. 88-ல் ஓவர்வோல்டேஜ் காவல் பிடித்து நிறுத்துகிறது. மெல்ல இறங்குவதற்குக் காரணம், 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வடிய 430கே, 10கே ரெசிஸ்டர்களைத் தவிர வேறு வழி இல்லை. அந்த அரை நிமிடம் கனெக்டர் பக்கம் விரல் போகக் கூடாது.

போர்டு நலம். எல்இடி பதித்த பட்டை, ஸ்ட்ரிப்தான் போயிருக்கிறது. மூன்று ஸ்ட்ரிப், ஒவ்வொன்றிலும் 8 எல்இடி. புது ஸ்ட்ரிப்புக்குச் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குச் சொல்லியாயிற்று.

05.07, வெள்ளி

23.6 வந்தால் காயிலும் டயோடும் முழுசாக இருக்கின்றன. 0 என்றால் ஃபியூஸ், காயில், டயோடு, இந்த வரிசையில் பார்க்கணும். 24 வோல்ட் லைனே படுத்துவிட்டால் முதல் சந்தேகம் மாஸ்ஃபெட் ஷார்ட்.

06.07, சனி

'வோல்டேஜை ரெகுலேட் பண்ணுது' என்றே எல்லோரும் சொல்கிறார்கள். இந்த ஐசிக்கு 72 என்ற எண்ணே தெரியாது. எல்இடி வரிசையின் மைனஸ் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே நான்கு 2.2 ஓம் ரெசிஸ்டர்கள் பாரலலாக இருக்கின்றன, மொத்தம் 0.55 ஓம். அதன்மேல் 0.2 வோல்ட் நிற்கிறதா என்பது மட்டுமே அதன் கவலை. 0.2-ஐ 0.55-ஆல் வகுத்தால் 364 மில்லிஆம்ப். குறைந்தால் மாஸ்ஃபெட் ஆன் நேரத்தைக் கூட்டும், மிஞ்சினால் குறைக்கும். அந்த 364 ஓடுவதற்கு எவ்வளவு வோல்ட் வேண்டுமோ அவ்வளவு தானாக அமையும்.

24-ஐ 72 ஆக்கணும் என்றால் மாஸ்ஃபெட் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஆனில் இருக்கணும். 150 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 6.7 மைக்ரோசெகண்ட். அதில் 4.4 காயிலில் கரண்ட் ஏற, மிச்சம் 2.2 அதை டயோடு வழியாகக் கெப்பாசிட்டருக்குத் தள்ள.

சரி, 72-லேயே பூட்டிவைத்தால் என்ன? சூடாக ஆக எல்இடி கேட்கும் வோல்டேஜ் குறையும், ஒன்றுக்கு ஒரு டிகிரிக்கு 2, 3 மில்லிவோல்ட். 24 எல்இடி, 40 டிகிரி ஏற்றம் என்றால் ஏறக்குறைய 2 முதல் 3 வோல்ட் வந்துவிடும். வோல்டேஜ் இறங்காமல் நின்றால் கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினால் இன்னும் சூடு. அப்படியே எரிந்து போகும்.

07.07, ஞாயிறு

கடை இல்லை. பாட்டி போன். "ஆயிடுச்சாப்பா?" இன்னும் இல்லைம்மா.

08.07, திங்கள்

இன்னொரு போர்டு வந்திருக்கிறது. யாரோ கை வைத்தது. 10கே-க்கு இணையாக இன்னொரு 10கே சாலிடர் செய்து காவலை ஏமாற்றியிருக்கிறார்கள். காவல் முனையில் 2 வோல்ட் வந்தால்தான் ஐசி நிறுத்தும். 430-க்குக் கீழே 10 இருந்தால் வெளியே 88. அதையே 5 ஆக்கினால் 174. 100 வோல்ட் கெப்பாசிட்டர் பலூன் மாதிரி உப்பி நிற்கிறது, மாஸ்ஃபெட் மூன்று காலும் ஷார்ட். 88-ல் நின்றது பழுது இல்லை, ஐசி நம்மிடம் சொன்ன சேதி. வாயை அடைத்துவிட்டு ஸ்ட்ரிப் எரியும் என்று காத்திருப்பது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

டயோடுக்குப் பதில் 1என்4007 வேறு. 50 ஹெர்ட்ஸுக்கு அது போதும். 150 கிலோஹெர்ட்ஸில், மாஸ்ஃபெட் ஆன் ஆன பிறகும் அது மூடிக்கொள்ளாது. கெப்பாசிட்டரின் சார்ஜ் பின்னாலேயே ஓடிவந்து மாஸ்ஃபெட்டில் விழும், இரண்டும் கொதிக்கும். 200 வோல்ட் அதிவேக டயோடு போடணும், 3 ஆம்பியர்.

09.07, செவ்வாய்

பூஸ்டில் ஒரு விசித்திரம், பழகினாலும் பிரமிப்பு குறையவில்லை. கரண்ட் போதவில்லை என்று ஆன் நேரத்தைக் கூட்டினால், வெளியே போகும் கரண்ட் முதலில் குறையும். ஆன் கூடினால் ஆஃப் குறையும், டயோடு வழி தள்ளுவது ஆஃபில்தானே. காயிலில் கரண்ட் ஏறச் சில சுற்றுகள் ஆகும், அதன் பிறகே வெளியே கூடும். ஐசி பொறுமை இழந்து 'இன்னும் குறைகிறதே' என்று மேலும் கூட்டினால் ஊஞ்சல் ஆடும், திரை துடிக்கும். அதனால்தான் ஐசி எவ்வளவு வேகமாகத் திருத்தணும் என்று அமைக்கும் காம்ப் காலில் கெப்பாசிட்டர் வைத்து அதை வேண்டுமென்றே நிதானமாக்குகிறார்கள். வெளிச்சம் குறைக்கும்போது மட்டும் துடிப்பு என்றால் இதையும், உலர்ந்துபோன அவுட்புட் கெப்பாசிட்டரையும் பார்க்கணும்.

10.07, புதன்

பார்சல் வந்தது. டெஸ்டரில் ஒரு ஸ்ட்ரிப் 46 வோல்ட் காட்டுகிறது. 6 வோல்ட் எல்இடி. மூன்றும் சேர்ந்தால் 138, இந்தப் போர்டு 88-லேயே நின்றுவிடும். திருப்பி அனுப்பியாயிற்று.

11.07, வியாழன்

பார்சல் இல்லை.

12.07, வெள்ளி

சரியான ஸ்ட்ரிப். டெஸ்டரில் 23.9, 24.0, 23.9. மூன்றையும் மாற்றியாயிற்று. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதும் புதியதும் வேறு வேறு நிறத்தில் எரியும், பழையது அடுத்த மாதம் போகும். பேனலைத் தூக்கும்போது ஓரத்து ரிப்பனில் இழுப்பு விழாமல் இரண்டு பேர் பிடித்தது.

2.2 ஓம் நான்கில் ஒன்றைக் கழற்றியாயிற்று. இப்போது 0.73 ஓம், 273 மில்லிஆம்ப். கரண்ட் கால் பங்கு குறைவு. வெளிச்சம் அவ்வளவு குறையவில்லை, சூடு நன்றாகக் குறைந்திருக்கிறது.

13.07, சனி

ஆன் செய்ததும் 71.6. ஒரு மணி நேரம் கழித்து 69.2. ரெசிஸ்டரில் இரண்டு முறையும் 0.200. இந்த 2.4 வோல்ட் இறக்கம்தான் சர்க்யூட் சரியாக வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி.

பாட்டிக்கு நாளை சாயங்காலம் என்று சொல்லியாயிற்று. ராத்திரி முழுக்க ஓடட்டும்.

14.07, ஞாயிறு

காலை 6 மணி: 69.1.

9 மணி: 69.1.

11.20: 66.3. ரெசிஸ்டரில் அதே 0.200. ஏறக்குறைய ஒரு எல்இடியின் அளவு காணவில்லை: வரிசை அறாமல் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. இடது கீழ் மூலையில் உள்ளங்கை அளவு நிழல்.