உள்ளங்காலில் மச்சம்

என் இடது உள்ளங்காலில், குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு மச்சம் இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது காலில் போட்டு எண்ணெய் தேய்க்கையில் ஆச்சிதான் அதை முதலில் பார்த்தாளாம். "இது ஒரு எடத்துல இருக்காது, ஊர் ஊரா சுத்தும்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாளாம். பையனுக்கு அந்த இடத்தில் மச்சம் இருந்தால் வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பொட்டப்பிள்ளைக்கு என்றால் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். எனக்குத் தாழ்த்தித்தான் சொல்லப்பட்டது.

போன ஆவணியில் நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அத்தை, "அம்பது வயசாகப் போவுது, இன்னும் அடங்கலியா ஒனக்கு? நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்லாத புத்தி எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். அடைப்பிரதமன் ஊற்ற வந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். பதில் தெரிந்திருந்தாலும் இரண்டு வரியில் சொல்கிற விஷயம் இல்லை அது.

தமிழில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு இருக்கிற பெயரெல்லாம் வசவாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஊர்சுற்றி, நாடோடி, பரதேசி. பரதேசி என்றால் வேறு தேசத்துக்காரன், அவ்வளவுதான். அதை எப்படியோ பிச்சைக்காரன் ஆக்கி, அப்புறம் திட்டுகிற சொல்லாகவும் ஆக்கிவிட்டோம். இத்தனைக்கும் எங்கள் ஊரே ஒரு பரதேசியை வைத்துப் பிழைக்கிற ஊர். குரு மறைந்தபின் வருடக்கணக்கில் நாடு முழுக்க அலைந்துகொண்டிருந்த விவேகானந்தர் 1892 டிசம்பரில் கன்னியாகுமரிக்கு வந்து கடலுக்குள் இருக்கிற பாறையில் உட்கார்ந்தார். 1970-ல் அங்கே மண்டபம் திறந்தார்கள், 2000 ஜனவரி 1-ம் தேதி பக்கத்துப் பாறையில் 133 அடிக்கு வள்ளுவர் எழும்பினார், இப்போது இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலமும் வந்துவிட்டது. படகுக்கு வரிசையில் நிற்கிற கூட்டம்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததற்கும் நான் கல்லூரிக்குப் போனதற்கும் காரணம்.

ஏனென்றால் அம்மா காந்தி மண்டபம் போகிற வழியில் சிப்பிக் கடை வைத்திருந்தாள். சங்கு, சோழி மாலை, ஓரத்தில் சிப்பி ஒட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி, பெயர் எழுதித் தருகிற சாவிக்கொத்து, அப்புறம் கலர் மணல் பாக்கெட். குமரி அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும்தான் மணலாக மாறியது என்று கதை சொல்லி விற்போம். கருப்பு என்பது இல்மனைட், சிவப்பு என்பது கார்னெட் என்றெல்லாம் பிற்பாடு படித்தேன். அந்தக் கதைக்கு வியாபாரம் ஆன மாதிரி கார்னெட்டுக்கு ஆகியிருக்காது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவேன். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை சீசன் என்றால் ராத்திரிகூட அங்கேதான், கல்லாப்பெட்டிக்குக் கீழே சாக்கு விரித்துத் தூக்கம்.

அந்தக் கடையில் நான் முதலில் கற்றுக்கொண்டது ஒரே ஒரு கேள்வியை. கித்னா, எந்த, எஷ்டு, எத்ர, கிதி, கேட்லா, கொதோ, கேதே. எல்லாம் ‘எவ்வளவு’தான். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிற எழுத்தின் வளைவைப் பார்த்தே இறங்கப்போவது எந்தக் கூட்டம் என்று எனக்குத் தெரியும். ஜிலேபி மாதிரி சுற்றியிருந்தால் தெலுங்கு அல்லது கன்னடம், உச்சியில் கோடு போட்டுத் தொங்கினால் இந்தி அல்லது வங்காளம், அந்தக் கோட்டை மட்டும் எடுத்துவிட்டால் குஜராத்தி. வங்காளிக் கூட்டம் சமையல்காரரையும் பாத்திரத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும், ரோட்டோரம் அடுப்பு மூட்டி மீன் பொரிக்கும். குஜராத்திகள் டப்பா டப்பாவாக ஏதோ மஞ்சளாகக் கொண்டுவந்து, பேரம் முடிந்தபிறகு எனக்கும் ஒரு துண்டு தருவார்கள்.

விடிய நாலு மணிக்கு இவர்கள் போர்வையோடு எழுந்து ஓடுவார்கள், சூரியன் வருவதைப் பார்க்க. நான் வாயில் பிரஷ்ஷோடு நின்று இவர்களைப் பார்ப்பேன். நாங்கள் தினமும் கால் கழுவுகிற தண்ணீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு அழுகிற கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள், மூன்று நாள் ரயிலில் வந்தோம் என்பார்கள். எனக்கு ஒன்றும் விளங்காது. இதைப் பார்க்கவா? அப்படியானால் இவர்கள் ஊரில் என்னதான் இருக்கிறது, அல்லது என்னதான் இல்லை?

அத்தையின் கேள்விக்கு என்னால் சொல்ல முடிகிற பதில் இதுதான். எனக்கு மலை பார்க்கவேண்டும், பனி பார்க்கவேண்டும் என்றெல்லாம் ஆசை வந்ததே இல்லை. எங்கள் கடையில் பேரம் பேசினவர்கள் பூட்டிவிட்டு வந்த வீட்டைப் பார்க்கவேண்டும், அந்தத் தெருவைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

அண்ணன் மகள் பயோடெக்னாலஜி படிக்கிறாள், அவளிடம் வேறு பதில் இருக்கிறது. ‘டிஆர்டி4’ என்று ஒரு மரபணு, மூளையில் டோபமைன் என்கிற ரசாயனம் வேலை செய்வதோடு சம்பந்தப்பட்டது. அதில் ‘7ஆர்’ என்கிற வகை இருக்கிறவர்கள் புதுசைத் தேடி அலைவார்கள் என்று ஒரு பேச்சு. 1999-ல் கலிபோர்னியாவில் ஒரு ஆய்வு, பழங்காலத்தில் நெடுந்தூரம் குடிபெயர்ந்துபோன இனங்களில் இந்த நீளமான வகை அதிகம் என்று சொன்னதாம். எனக்குப் பிடித்தது அவள் சொன்ன இன்னொன்று. கென்யாவில் அரியால் என்று மாடு மேய்க்கிற மக்கள், அவர்களில் சிலர் இன்னும் அலைகிறார்கள், சிலர் ஒரு இடத்தில் தங்கிவிட்டார்கள். 2008-ல் வந்த ஆய்வில், 7ஆர் இருக்கிற ஆட்கள் அலைகிற கூட்டத்தில் நல்ல உடம்போடு இருந்தார்களாம். அதே 7ஆர் இருந்து ஓரிடத்தில் தங்கினவர்கள் மெலிந்து கிடந்தார்களாம். "பாருங்க அத்தை, உங்கள வீட்ல உட்கார வச்சா நீங்க மெலிஞ்சிருவீங்க" என்றாள். என் உடம்பைப் பார்த்தால் அந்த ஆராய்ச்சியாளர்கள் வருத்தப்படுவார்கள். ஒரே ஒரு மரபணுவை வைத்து மனுஷன் புத்தியைச் சொல்லிவிட முடியாது என்று அவளே அப்புறம் ஒத்துக்கொண்டாள். ஆச்சியின் மச்சத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை எனக்கு.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாத புத்தி என்று அத்தை சொன்னதும் சரியில்லை. அவள் கூடப்பிறந்த அண்ணன், எங்கள் பெரியப்பா, இருபது வருடத்துக்கு மேல் சிவாலய ஓட்டம் ஓடினவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சிவராத்திரியை ஒட்டி கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பன்னிரண்டு சிவன் கோவில்களை வரிசையாக ஓடியே கும்பிடுவது. முஞ்சிறை திருமலையில் ஆரம்பித்து, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று போய்த் திருநட்டாலத்தில் முடியும், சுமார் நூறு கிலோமீட்டர். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, வாயில் "கோவிந்தா, கோபாலா". சிவன் கோவிலுக்கு ஓடிக்கொண்டு பெருமாள் பெயரைச் சொல்வானேன் என்றால் அதற்கு பீமன் கதை இருக்கிறது. பாதி மனுஷன், பாதி மிருகமான புருஷாமிருகத்தின் பால் வாங்கப் போன பீமன், சிவபக்தனான அதன் காதில் விஷ்ணு பெயரைச் சொல்லிவிட்டுத் துரத்தப்பட்டு, கையிலிருந்த பன்னிரண்டு ருத்ராட்சத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு ஓடினானாம். போட்ட இடமெல்லாம் லிங்கம்.

பெரியப்பாவிடம் ஒருமுறை, பன்னிரண்டில் எந்தக் கோவில் நல்லா இருக்கும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். கோவிலைப் பற்றி ஒன்றும் வரவில்லை. பொன்மனை தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் போகும்போது ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் யாரோ ஒரு அம்மா சுக்கு வெந்நீர் தந்ததைச் சொன்னார், அந்த வீட்டு நாய் கூடவே ரெண்டு பர்லாங்கு ஓடிவந்ததைச் சொன்னார். அடுத்த வருடம் அந்த வீட்டைத் தேடினாராம், கண்டுபிடிக்க முடியவில்லையாம். இவரை வைத்துக்கொண்டு என் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாள் அத்தை!

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல்தான், திருவனந்தபுரத்திலிருந்து. எனக்கு மூன்று வயது. அப்பா தோளில் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினாராம், எஞ்சின் ஊதினதும் நான் அலறினேனாம், நினைவில் இல்லை. 1984-ல் ஹிம்சாகர் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு வரை ஒரே வண்டி. அந்தப் பெயர்ப்பலகையை மட்டும் பார்ப்பதற்காகவே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறேன். அதில் ஏற எனக்குப் பதினேழு வருடம் ஆனது. வங்கி வேலை கிடைத்து, வங்கி தருகிற பயணச் சலுகையான எல்.எஃப்.சி.யை முதல்முறை எடுத்து, 2001-ல் ஏறினேன். தனியாக. வீட்டில் மூன்று நாள் சண்டை. நாலாம் நாள் அம்மா ஒன்றும் பேசாமல் முந்திரிக்கொத்து செய்ய உட்கார்ந்தாள், அப்போதே தெரிந்துவிட்டது ஒத்துக்கொண்டாள் என்று. சிறுபயறும் கருப்பட்டியும் சேர்த்துப் பொரித்தது, வாரக்கணக்கில் கெடாது. வழிக்கென்றே யாரோ கண்டுபிடித்த பலகாரம். அதோடு ஏத்தங்காய் சிப்ஸ், ஒரு சீப்பு மட்டிப்பழம், முதல் நாளைக்குப் புளிச்சோறு பொதி.

மூன்று ராத்திரி. பாலக்காடு, விஜயவாடா, நாக்பூர், போபால், டெல்லி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் டீயின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. நாக்பூரில் ஏறிய ஒரு குடும்பம் எனக்குச் சப்பாத்தி தந்தது, நான் முந்திரிக்கொத்து தந்தேன், கடித்துப் பார்த்துவிட்டு இது கல்லா என்று கேட்டார்கள். ஜம்முவில் இறங்கி நான் என்ன பார்த்தேன் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தெருவில் நடந்தேன், ஒரு வீட்டு வாசலில் சுவெட்டர் பின்னிக்கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்தேன். கன்னியாகுமரி என்றதும் ஒருத்தி கையைக் கூப்பினாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அம்மன் கோவில் தெருவில் பால் வாங்கப் போகிற எனக்கு எதற்குக் கும்பிடு.

அதற்குப்பிறகு நிற்கவில்லை. துவாரகை, பூஜ், புரி, காசி, ஹம்பி. வருடத்துக்கு ஒன்று, சில வருடம் இரண்டு. கல்யாணம் ஆனது, மகன் பிறந்தான், இரண்டு வருடம் நின்றது, மறுபடி கிளம்பினேன். வீட்டுக்காரருக்கு ரயில் ஆகாது, முதுகுவலி. அவர் போன் செய்து சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பார், அதுவே பெரிய உதவி.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட வேண்டும். நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற விவேக் எக்ஸ்பிரஸில் குவாஹாட்டி வரைக்கும் போனேன். எர்ணாகுளத்தில் ஏறிய ஒரு அஸ்ஸாம் பையன், இருபது வயது இருக்கும், ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற வேலை, இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போகிறான். நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டான். சும்மா, பார்க்க என்றேன். "சும்மாவா?" என்று இரண்டு தடவை கேட்டான். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எங்கள் தூத்தூர் பக்கத்து ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள், கொச்சியில் விசைப்படகு ஏறி லட்சத்தீவு, குஜராத் கடல் என்று வாரக்கணக்கில் மீனுக்காக அலைகிறவர்கள். 2017-ல் ஒக்கி புயலில் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அந்த வீடுகளில் போய் ஊர் சுற்றும் ஆசையைப் பற்றி நான் பேசமாட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் வங்காளத்தில் பிஷ்ணுபூர் போனேன். மல்ல ராஜாக்கள் கட்டிய சுட்ட மண் கோவில்கள் இருக்கிற ஊர், கல் கிடைக்காத இடத்தில் செங்கல்லில் மகாபாரதத்தையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். கோவிலை முடித்துவிட்டு பாலுச்சரிப் புடவை நெய்கிற ஒரு வீட்டுக்குப் போனேன். தறியைப் பார்த்துக்கொண்டே உள்ளே திரும்பினால் கண்ணாடி அலமாரியில் பொம்மைகளுக்கு நடுவே ஒரு சிப்பிக் கண்ணாடி. சிவப்பு பெயிண்டில் தமிழில் ‘கண்ணியாகுமரி’. மூன்று சுழி ண். எங்கள் கடையில் அம்மா அந்தத் தப்பை விடவே மாட்டாள், ஆகவே எங்கள் சரக்கு இல்லை. எதிர்க்கடைக்காரர் சரக்கு என்று இப்போதும் சந்தேகம்.

அந்த வீட்டுப் பாட்டியிடம் என் ஊர் அதுதான் என்றேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். முப்பது, முப்பத்தைந்து வருடத்துக்கு முன் டூர் பஸ்ஸில் வந்தார்களாம். வேறு எங்கும் அதற்கப்புறம் போகவில்லையாம். சூரியன் பார்த்தீர்களா என்றேன். மேகம், ஒன்றும் தெரியவில்லை என்று சிரித்தாள். ஹோட்டலில் போட்ட சோறு தடித்தடியாகச் சிவப்பாக இருந்ததைச் சொன்னாள், காற்றில் புடவை நிற்கவே இல்லை என்றாள். அந்த வீட்டுத் தாழ்ப்பாள், முற்றத்துத் துளசி, கொடியில் காய்ந்த சேலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். கடையை மூடிப் பத்து வருடம் ஆகிறது, காது சரியாகக் கேட்காது. கத்திக் கத்திச் சொன்னேன், பிஷ்ணுபூர், வங்காளம், சிப்பிக் கண்ணாடி, மூன்று சுழி ண் எல்லாம். முழுசாகக் கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள்.

"எவ்வளவுக்கு வாங்கினாவளாம் மக்களே?" என்றாள்.