காரைக்குடியில் வாங்கிய அன்சோனியா ஓடத் தொடங்கியது

ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓட வேண்டிய எண்கோண முகப்பு அன்சோனியா சுவர்க்கடிகாரம், பத்து நிமிடத்துக்கு மேல் ஓடாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது, இப்போது பெரியம்மா வீட்டுப் பட்டாசாலையில் (கூடத்தில்) வாரம் முழுவதும் நிற்காமல் ஓடுகிறது. மணியடிக்கும் பக்கத்தை நான் இன்னும் சரிசெய்யவில்லை; பெட்டிக்கு மெருகு ஏற்றும் வேலையும் பாக்கி. ஆனாலும் இப்போதே எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. பழைய சாமான் கடைகளில் “ஓடாது” என்று ஒதுக்கிவைத்திருக்கும் கடிகாரங்களில் கணிசமானவற்றுக்கு உள்ளே பெரிய கோளாறு எதுவும் இருப்பதில்லை என்பதை இந்த ஒரு கடிகாரம் எனக்கு ஐயமறக் காட்டிவிட்டது.

காரைக்குடிக்கு உறவினர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் வீடே கண்ணயரும் நேரத்தில் பழைய சாமான் கடைகள் நிறைந்த முனீஸ்வரன் கோயில் தெருவுக்குக் கிளம்பிவிடுவது என் வழக்கம். அந்தத் தெருவைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்ற நகரத்தார் கட்டிய வீடுகளுக்கு அங்கிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்து சேர்ந்த பொருள்கள், 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போன பிறகு தொழில் சரிந்து, வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்து, பராமரிக்க ஆளில்லாமல் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டபோது இந்தக் கடைகளுக்கு வந்தன. தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தட்டு, பர்மா அரக்குப் பெட்டி, ஊறுகாய் ஜாடி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடக்கும். நான் நேராகக் கடிகாரம் தொங்கும் சுவருக்குத்தான் போவேன்.

“ஓடுமாண்ணே?” என்று அங்கே தொங்கிய இந்த அன்சோனியாவைக் காட்டிக் கேட்டேன். “சாவி குடுத்தா ஓடும் தம்பி, கொஞ்ச நேரத்துல நின்னுபோகும். ஓடுறது வேணும்னா அந்தப் பக்கம் பாருங்க, விலை மூணு மடங்கு” என்று கடைக்காரர் மறைக்காமல் சொன்னார். சாவி போட்டு மெல்லச் சுழற்றிப் பார்த்தேன். இரண்டு ஸ்பிரிங்குகளும் சீராக இறுகின. பின்வாங்காமல் தடுக்கும் கொக்கி ஒவ்வொரு பல்லிலும் அழுத்தமாக விழுந்தது. சாவி இறுகினால் ஸ்பிரிங் அறுந்திருக்கவில்லை என்றும், கொக்கி நழுவாமல் விழுந்தால் அதன் ஆணி தேயவில்லை என்றும் பொருள். அதற்கு மேல் கடையில் வைத்துத் தெரிந்துகொள்ளக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: சக்கர அச்சுகள் தகட்டுத் துளைகளில் எவ்வளவு ஆடுகின்றன என்பது. டயலைக் கழற்றக் கடைக்காரர் அனுமதித்தால் நுனிவிரலால் முதல் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அச்சு பக்கவாட்டில் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். இதில் துள்ளல் மிகக் குறைவாகவே இருந்தது, வாங்கிவிட்டேன்.

அன்சோனியாவைப் பற்றி ஒரு வார்த்தை. கனெக்டிகட் மாநிலத்தின் அன்சோனியா நகரப் பெயரைத் தாங்கிய இந்த நிறுவனம், 1870களின் இறுதியில் நியூயார்க்கின் புரூக்ளினுக்கு இடம்பெயர்ந்து அங்கிருந்தே உலகுக்கெல்லாம் கடிகாரம் அனுப்பியது. 1929இல் நொடித்து, அதன் இயந்திரங்கள் சோவியத் ரஷ்யாவுக்கு விலைபோயின. பின்தகட்டில் பொறித்திருக்கும் ஆண்டு காப்புரிமை பெற்ற ஆண்டு. அதைக் கடிகாரம் செய்த ஆண்டாகச் சொல்லி விலை ஏற்றுவது கடைகளில் சாதாரணமாக நடக்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது பெட்டியைத்தான். அமெரிக்கப் பெட்டிகள் மெல்லிய மரத்தோலை (வெனீர்) வச்சிரப் பசை கொண்டு ஒட்டிச் செய்தவை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தத் தோல் உரிந்துபோகும் என்பதால், உள்ளூர்த் தச்சர் செய்த தேக்குப் பெட்டிக்குள் அசல் இயந்திரத்தை மாற்றிப் பொருத்தியவை நிறைய உண்டு. என்னுடையதும் அப்படித்தான், பின்பலகையில் வேறோர் இயந்திரத்துக்கு அடித்த ஆணித் துளைகள் அப்படியே இருக்கின்றன. அசல் பெட்டி இல்லாததால் மதிப்புக் குறைவு என்பார்கள். ஆனால் அந்தத் தேக்குப் பெட்டியின் மூலை இணைப்புகள் இன்றும் கத்தி நுழையாத அளவுக்குச் சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தச்சர் மீது பெரும் மதிப்புதான் உண்டாகிறது.

ஸ்பிரிங்குகளைக் கட்டுக்கம்பியால் கட்டி இறக்குவது, தகடுகளைப் பிரிப்பது, சக்கரங்களை வரிசை மாறாமல் வைப்பது ஆகியவை கடிகாரம் பிரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. உள்ளே பச்சைக் களிம்பு கட்டியிருந்தது. யாரோ ஆண்டாண்டாகத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது பித்தளையோடு சேர்ந்து பச்சையாகித் தூசியையும் பிடித்துப் பிசினாக இறுகிவிடுகிறது. வெள்ளைப் பெட்ரோலில் ஊறவைத்து, தென்னை ஈர்க்கைக் கூராகச் சீவி ஒவ்வொரு துளையிலும் விட்டுத் திருகி, ஈர்க்கு வெள்ளையாகவே வெளியே வரும்வரை துடைத்தேன். முழு இயந்திரத்தையும் பிரிக்காமலேயே மண்ணெண்ணெயில் முக்கி எடுப்பது பல இடங்களில் நடக்கிறது. அதனால் வெளியழுக்குக் கரைந்து துளைக்குள் போய்த் தங்குகிறது, அவ்வளவுதான். புளி போட்டுத் தேய்ப்பதும் பித்தளைப் பொடி போட்டு மினுக்குவதும் குத்துவிளக்குக்குச் சரி. கடிகாரத் துளையில் அந்தப் பொடியின் ஒரு துகள் தங்கினால்கூட அச்சை அது அரத்தைப் போல் அராவித் தின்றுவிடும்.

இத்தனையும் செய்து பூட்டிய பிறகும் கடிகாரம் பத்து நிமிடத்தில் நின்றது. இங்கேதான் உண்மையான வேலை தொடங்கியது.

பெண்டுலத்தை ஆட்டிவிட்டுக் காது கொடுத்தால் “டிக்-டாக்…… டிக்-டாக்……” என்று நொண்டுவது கேட்டது. கைப்பேசியில் ஒலியைப் பதிந்து, கணினியில் அடாசிட்டி மென்பொருளில் திறந்து அலைவடிவத்தை விரித்தபோது, டிக்கிலிருந்து டாக்குக்கு 0.34 நொடி, டாக்கிலிருந்து அடுத்த டிக்குக்கு 0.51 நொடி என்று துல்லியமாகத் தெரிந்தது. இரண்டும் 0.42, 0.43 என்று இருக்க வேண்டும். கூட்டுத்தொகை சரியாக இருப்பதால் பெண்டுலத்தின் நீளத்தில் குறையில்லை. ஸ்பிரிங்கின் விசையைச் சிறிது சிறிதாக விடும் தப்பிப்புச் சக்கரத்தின் பற்களை மாறி மாறி விடுவிக்கும் நங்கூரம் பெண்டுலத்தின் ஓய்வு நிலைக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த பக்கத்தில் பெண்டுலம் அதிகத் தூரம் போனால்தான் பல் விடுபடும்; வீச்சு சற்றே தளர்ந்ததும் அந்தத் தூரத்தை எட்ட முடியாமல் பெண்டுலம் நின்றுவிடும். புதிதாகச் சாவி கொடுத்த வேகத்தில் பத்து நிமிடம் ஓடுவதும் பிறகு நிற்பதும் இதனால்தான்.

சரிசெய்யும் முறை இது. பெட்டியை ரசமட்டம் வைத்து நேராக மாட்டி, பெண்டுலக் குண்டுக்குப் பின்னால் வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டி, குண்டு தானாக நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். குண்டை விரலால் மிக மெதுவாக இடப்பக்கம் நகர்த்தி, டிக் கேட்கும் நொடியில் இன்னொரு கோடு; அதேபோல் வலப்பக்கம் டாக்குக்கு ஒரு கோடு. நடுக்கோட்டிலிருந்து இரண்டும் சம தூரத்தில் இருந்தால் கடிகாரம் சமநிலையில் இருக்கிறது. எனக்கு இடப்பக்கக் கோடு தொலைவிலும் வலப்பக்கக் கோடு அருகிலும் விழுந்தன. நங்கூரத்திலிருந்து இறங்கிவந்து பெண்டுலக் கம்பியை வளையத்துக்குள் பிடித்திருக்கும் தள்ளுகம்பியின் கீழ்நுனியை, ஒலி சீக்கிரம் வரும் பக்கத்துக்கு, அதாவது என் கடிகாரத்தில் வலப்பக்கத்துக்கு, வளைக்க வேண்டும். தூரம் அதிகமான பக்கம் வளைக்கத்தான் கை இயல்பாகப் போகும்; அது நொண்டலை இரட்டிப்பாக்கும். வளைக்கும்போது கம்பியின் மேற்பகுதியை நங்கூரத்தை ஒட்டி ஒரு மூக்குக் குறடால் இறுகப் பிடித்துக்கொண்டு, கீழே மற்றொரு குறடால் மயிரிழை அளவு மட்டும் அசைக்க வேண்டும். மேலே பிடிக்காமல் வளைத்தால் அந்த விசை முழுவதும் நங்கூரத்தின் மெல்லிய அச்சில் போய் இறங்கும்.

இதற்குப் பிறகு அலைவடிவம் 0.42, 0.43 என்று காட்டியது. நொண்டலும் நின்றது. கடிகாரம் மேசைத் தாங்கியில் நன்றாக ஓடியது. பட்டாசாலைச் சுவரில் மாட்டியதும் மீண்டும் நின்றது.

காரணம் தள்ளுகம்பியின் வளையத்தில்தான் இருந்தது. பெண்டுலக் கம்பி அந்த வளையத்தின் நடுவில், முன்விளிம்பையும் பின்விளிம்பையும் தொடாமல் இருக்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி போதும். அங்கே இடைவெளி கூடினால் தள்ளும் விசை வீணாகிறது. குறைந்தால் கம்பி இறுகிக்கொள்கிறது. பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் பார்வைக்குக் கண்ணாடி போல் இருந்தாலும் நேர்க்குத்தாக இருப்பதில்லை. சுவர் முன்னோக்கிச் சாய்ந்திருந்ததால் கடிகாரமும் சாய்ந்து, பெண்டுலக் கம்பி வளையத்தின் முன்விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் உரசிய இடத்தில் பித்தளை மட்டும் பளிச்சென்று தெரிகிறது. பெட்டியின் கீழ்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மெல்லிய மரத்துண்டைச் செருகியதும் கம்பி வளையத்தின் நடுவுக்கு வந்தது. அன்று மாலை ஓடத் தொடங்கியது அடுத்த சாவி கொடுக்கும் நாள்வரை நிற்கவில்லை.

இதோடு ஒப்பிட்டால் நேரம் சரிசெய்வது மிக எளிது. என் கடிகாரத்தின் பெண்டுலம் கணக்கில் ஏறத்தாழ 18 செ.மீ.; அதை ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் நாளுக்கு நான்கு நிமிடம் தாமதமாகும், ஏற்றினால் அந்த அளவு முந்தும். ஆகவே குண்டுக்கடியில் இருக்கும் மரையைக் கால் சுற்று, அரைச் சுற்று என்றுதான் திருப்ப வேண்டும். ஒரு திருப்பத்துக்குப் பின் ஒரு நாள் முழுவதும் பொறுத்திருந்து பார்க்காமல் அடுத்த திருப்பத்துக்குப் போகாதீர்கள்.

உதிரிப்பொருள்களைப் பொறுத்தவரை, பெண்டுலம் தொங்கும் மெல்லிய ஸ்பிரிங் பட்டை இதில் மடங்கியிருந்ததால் மாற்ற வேண்டியிருந்தது. இணையத்தில் கம்பியோடு சேர்ந்தே கிடைக்கிறது. அவசரமென்றால் மெக்கானிக் பட்டறையில் இடைவெளி அளக்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜின் 0.1 மி.மீ. தகட்டைக் கத்தரித்தும் செய்துகொள்ளலாம். தையல் இயந்திர எண்ணெய் விரைவில் பரவித் துளையை விட்டு ஓடிவிடுகிறது. கடிகாரங்களுக்கென்றே செய்யும் மோபியஸ் எண்ணெய் ஒரு சிறு புட்டி விலை கூடுதல்தான், ஆனால் துளைக்கு ஒரு சொட்டுக்கும் குறைவாகவே தேவைப்படுவதால் பல கடிகாரங்களுக்கு வரும். சென்னைப் பாரிமுனைப் பக்கம் கைக்கடிகார உதிரிபாகம் விற்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. டயலில் சீரான நிறப்புள்ளிகள் தெரிந்தால் அது நேற்று அச்சிட்ட தாள். ரவிவர்மா படங்களுக்கும் இதே சோதனைதான்: 1894இல் மும்பையில் தொடங்கிய அவருடைய அச்சகத்தின் கல்லச்சுப் படங்களில் மணல் தூவியது போன்ற ஒழுங்கற்ற பொடிப்புள்ளிகள் இருக்கும், இன்றைய ஆஃப்செட் பிரதியில் புள்ளிகள் பூவிதழ்போல் வரிசையாக அடுக்கியிருக்கும். ஊர் பெயரும் வரலாறும் சொல்லாத உலோகச் சிலைகளை யார் காட்டினாலும் நான் கையால்கூடத் தொடுவதில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பங்களுக்குப் பதிவு இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். அது எந்தக் கோயிலின் வெறும் பீடத்திலிருந்து வந்ததோ என்ற கவலை அதைவிடப் பெரிய காரணம்.

அதே கடையில் சாவியில்லாத ஒரு திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டும் வாங்கியிருக்கிறேன். உள்ளே எத்தனை நெம்புகோல் என்று பார்த்துப் புதுச் சாவி அராவ வேண்டும். திண்டுக்கல்லில் இன்னும் கையால் பூட்டுச் செய்கிறவர்களிடம் காட்டிக் கற்றுக்கொள்ள எண்ணம். அதற்கு முன் இந்தக் கடிகாரத்தின் மணிப்பக்கம் காத்திருக்கிறது. மணிக்கு மணியும் அரைமணிக்கு ஒன்றுமாகப் பன்னிரண்டு மணி நேரத்தில் 90 முறை அடிக்க வேண்டியது, அடிக்கத் தொடங்கினால் ஸ்பிரிங் தளரும்வரை நிறுத்துவதில்லை. எண்ணிக்கைச் சக்கரத்தின் வெட்டுகளில் விழ வேண்டிய கம்பி ஆழமாக இறங்காததே காரணம் என்று நினைக்கிறேன். கம்பி வளைந்திருக்கிறதா, வெட்டின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா என்பதை அடுத்த முறை காரைக்குடிக்குப் போகும்போது டயலைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதுவரை மணிப்பக்கத்துக்கு யாரும் சாவி கொடுக்க வேண்டாம் என்று இடப்பக்கத் துளையில் ஒரு தாளை ஒட்டிவிட்டு, வலப்பக்கத் துளையில் மட்டும் ஞாயிறுதோறும் சாவி கொடுக்கப் பெரியப்பாவிடம் சொல்லிவந்திருக்கிறேன்.