ஏற்காட்டில் வாங்கிய ரோலெக்ஸ்: காகிதம், முகப்பு, கணக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பம் வெள்ளிக் கொலுசுத் தொழில் செய்கிறது. அந்தத் தொழிலோடு சேர்த்து, பழைய சுவிஸ் கைக்கடிகாரங்களை வாங்கி விற்பதையும் முறைப்படி பதிவு செய்து சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். சென்ற ஆண்டு ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டக் குடும்பத்திடம் ரோலெக்ஸ் நிறுவனத்தின் டேட்ஜஸ்ட் மாதிரிக் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி, திருச்செங்கோட்டுக்காரர் ஒருவருக்கு விற்றேன். அந்தக் கைமாற்றம் எப்படி நடந்தது என்பதை முழுமையாக எழுதி வைக்கிறேன். பெருநகரங்களில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. கடைக்காரர் சரிபார்த்துத் தந்ததை நம்பி வாங்கிக்கொள்ளலாம். நம் பக்கத்தில் அந்தச் சரிபார்ப்பு வாங்குபவன் தலையிலேயே விழுகிறது. அதைச் செய்யத் தெரியாமல் நல்ல பொருளை மலிவாக விற்றவர்களையும், போலியைப் பெருவிலைக்கு வாங்கியவர்களையும் நான் நேரில் அறிவேன்.

கடிகாரத்துக்கு உரிமையாளராக இருந்தவர் பல ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பித் தோட்டத்தைக் கவனித்து வந்தவர். அவர் காலமான பிறகு, பீரோவில் இருந்ததை விற்றுவிடலாம் என்று அவருடைய மனைவி முடிவு செய்து, தெரிந்தவர் வழியாக எனக்குச் சொல்லியனுப்பினார். நான் மலையேறிச் சென்றபோது, அவர் கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்து, “எல்லாத்தையும் பார்த்துட்டே சொல்லுங்க தம்பி, அவசரம் ஒண்ணும் இல்லை” என்றார். கடிகாரத்தைத் தொடுவதற்கு முன் காகிதங்களைக் காட்டும்படி கேட்டேன். இதை நான் எங்கும் மாற்றிக்கொள்வதில்லை.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 123ஆம் பிரிவு தங்கத்தோடு கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கடத்தல் பொருள் என்று நியாயமாக ஐயுற்று அதிகாரிகள் ஒரு கடிகாரத்தைப் பறிமுதல் செய்தால், அது கடத்தி வந்ததன்று என்று நிரூபிக்கும் பொறுப்பு, அதை வைத்திருந்தவரையும் உரிமை கோருபவரையும் சேர்ந்தது. வழக்கமாகக் குற்றம் சாட்டுபவர் நிரூபிக்க வேண்டியதை இங்கே வைத்திருப்பவர் நிரூபிக்க வேண்டும். எனவே வெளிநாட்டுக் கடிகாரத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு, அது எப்படி இந்த நாட்டுக்குள் வந்தது என்பதற்கான சான்று கடிகாரத்துக்கு இணையான சொத்து. நல்வாய்ப்பாக அந்த அம்மாவிடம் கடை ரசீதும், வரிசை எண்ணைத் துளையிட்டுப் பொறித்த உத்தரவாதத் தாளும், விமான நிலையத்தில் சுங்கவரி கட்டிய சீட்டும் ஒரே உறையில் இருந்தன. அந்தச் சீட்டு மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

உரிமை பற்றிய காகிதம் இன்னொன்று. கணவர் பெயரில் ரசீது இருக்கும் பொருளை மனைவி ஒருவரே விற்றால், பிள்ளைகளில் ஒருவர் பின்னாளில் வந்து கேட்கலாம். வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழின் நகலையும், மகனும் மகளும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்ட கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்படிக் கேட்டால் குடும்பத்தார் மனம் வருந்துவார்களோ என்று தயங்குபவர்கள் உண்டு. என் அனுபவத்தில், பணிவாகக் காரணத்தைச் சொல்லிக் கேட்டால், விற்பவருக்கு நம்மீது மதிப்புக் கூடுகிறது.

பிறகுதான் கடிகாரம். 36 மில்லிமீட்டர் கேஸ் (கடிகாரத்தின் உடல்), கண்ணாடியைச் சுற்றி வரிவரியாக வெட்டிய வெள்ளைத் தங்க வளையமான பெசல், எஃகுச் செயின். செயினைக் கழற்றினால், 12 மணிப் பக்கத்தில் செயினைப் பிடிக்கும் கால்களுக்கிடையே மாதிரி எண்ணும், 6 மணிப் பக்கத்தில் வரிசை எண்ணும் தெரியும். அந்தக் காலத்து ரோலெக்ஸில் எண்கள் அங்கேதான் இருக்கும். மாதிரி 16234, வரிசை எண் ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கியது. சேகரிப்பாளர்கள் தொகுத்திருக்கும் பட்டியல்களின்படி அது 1993ஐ ஒட்டிய காலம். ரசீதின் தேதியும் அதற்குப் பொருந்தியது. எழுத்துகள் ஆழமாக, ஓரம் சிதையாமல் வெட்டப்பட்டிருந்தன. அமிலத்தால் அரித்த எழுத்து உருப்பெருக்கியில் சொரசொரப்பாகத் தெரியும், இது அப்படியில்லை. தேதிக்கு மேலுள்ள குமிழ்க் கண்ணாடியும் இரண்டரை மடங்குக்குக் குறையாமல் பெரிதாக்கிக் காட்டியது.

அறையை இருட்டாக்கிப் பார்த்தபோதுதான் ஒன்று இடறியது. சற்று நேரம் கைவிளக்கின் ஒளியைக் காட்டி அணைத்ததும், முகப்பிலுள்ள புள்ளிகளும் முட்களும் பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தன. 1993இல் ரோலெக்ஸ் பயன்படுத்தியது, கதிரியக்கத்தால் தானாகவே ஒளிரும் ட்ரிட்டியம் பூச்சு. ட்ரிட்டியம் பாதியாகக் குறையும் காலமான அரையாயுள் 12.3 ஆண்டுகள், முப்பது ஆண்டுகள் கடந்த பிறகு, தொடக்கத்தில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. அந்தப் பூச்சு இப்போது பழுப்பேறி, ஏறக்குறைய அணைந்துபோயிருக்க வேண்டும். மேலும், ட்ரிட்டியம் பூசிய முகப்பின் அடியில், சுவிட்சர்லாந்தைக் குறிக்கும் எழுத்துகளின் இருபுறமும் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும். இதில் அது இல்லை. 1990களின் இறுதியில்தான் ஒளியேற்றி ஒளிரும் புதிய பூச்சுக்கு அந்நிறுவனம் மாறியது. எனவே கேஸ் ஒரு காலத்தையும் முகப்பு வேறொரு காலத்தையும் சேர்ந்தவை என்பது உறுதியாயிற்று.

முகப்பு மாறியிருந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். போலி முகப்பைப் பொருத்தியிருக்கலாம். பழைய முகப்பின்மேல் மறுபடி வண்ணம் பூசியிருக்கலாம். அல்லது முறையான சர்வீஸின்போது நிறுவனத்தின் புதிய முகப்பை மாற்றியிருக்கலாம். நம் நாட்டுப் பழைய கடிகாரச் சந்தையில் இரண்டாவது வகை மிகுதி. எச்எம்டி, ஃபாவர் லூபா, சீக்கோ ஆகியவற்றின் முகப்புகளைக் கண்கவர் நிறங்களில் பூசி விற்பது நெடுங்காலமாக நடக்கிறது. இந்த முகப்பில் அச்சு கூர்மையாக இருந்தது. மணிக் குறிகள் நேராக அமர்ந்திருந்தன. மூன்றாவதாகத்தான் இருக்கும் என்று என் மனத்துக்குப் பட்டது. ஆனால் மனத்துக்குப் பட்டதை ரசீதில் எழுத முடியாது. சர்வீஸ் செய்த காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லிவிட்டு, விலை பேசாமலே கீழே இறங்கினேன். பெங்களூரில் இருக்கும் மகன் தந்தையின் கோப்புகளைப் புரட்டி, 2006இல் சிங்கப்பூரில் செய்த சர்வீஸின் ரசீதைக் கண்டெடுத்தார். முகப்பும் முட்களும் மாற்றப்பட்டதாக அதில் தெளிவாகப் பதிந்திருந்தது. வரிசை எண்ணும் ஒத்துப்போனது.

அடுத்த முறை அந்த அம்மாவைக் கடிகாரத்தோடு சேலத்துக்கு வரச் சொன்னேன். பெசல் வெள்ளைத் தங்கம்தானா என்பதை அறிய, எங்கள் பகுதியில் நாங்கள் தினமும் வெள்ளிக்கு டச் (தூய்மை) பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரமே போதும். உரசாமல், கீறாமல், மேற்பரப்பிலேயே அளந்து சொல்லிவிடும். 18 காரட்டுக்கு உரிய 75 விழுக்காட்டை ஒட்டித் தங்கம் இருந்தது. எஃகின் கலவையையும் பார்த்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். ரோலெக்ஸ் என்றால் 904எல் எஃகு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்நிறுவனம் 1985இல் அந்த எஃகைக் கொண்டுவந்தபோது எல்லா மாதிரிகளுக்கும் ஒரே நேரத்தில் மாற்றிவிடவில்லை. 1990களின் டேட்ஜஸ்ட்டை எஃகின் கலவையைக் கொண்டு அசல் என்றோ போலி என்றோ தீர்ப்பது தவறான சோதனை.

அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் அந்த அம்மாவின் முன்னிலையிலேயே பின்மூடியைத் திறந்து மெஷினைக் காட்டினார். 3135 என்ற மெஷின் இது, 1988இல் வந்தது, ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் பாலம் இருபுறமும் ஊன்றியிருப்பது இதன் அடையாளம். போலிகளிலும் இப்போது இந்த அமைப்பை ஒப்பேற்றிவிடுகிறார்கள் என்பதால், அவர் திருகுகளின் முனைகளையும் பாலத்தின் ஓரங்களையும் உருப்பெருக்கியில் நெடுநேரம் பார்த்த பிறகே தலையசைத்தார். ஓட்டத்தை அளக்கும் டைமிங் இயந்திரத்தில், இந்த மெஷினுக்கு உரிய லிஃப்ட் கோண அமைப்பான 52 டிகிரியை வைத்து அளந்தபோது, பேலன்ஸ் சக்கரம் ஊசலாடும் வீச்சு 215 டிகிரிதான் இருந்தது. நாளொன்றுக்கு 14 விநாடி பின்தங்கியது. எண்ணெய் காய்ந்துவிட்டது என்று பொருள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மாதக்கணக்கில் பனிமூட்டம் சூழும் இடம். காற்றின் ஈரம் உள்ளே புகுந்திருக்குமோ என்பதே என் கவலையாக இருந்தது. சாவிக் குழாயின் ரப்பர் வளையம் இறுகிப் போயிருந்ததே தவிர, முட்களிலோ தேதிச் சக்கரத்திலோ துரு இல்லை.

விலை பேசும்போது, இணையத்தில் யாரோ கேட்கும் விலையை அந்த அம்மாவின் மகள் எடுத்துக் காட்டினார். கேட்கும் விலையும் கைமாறிய விலையும் வேறுவேறு. 2022இன் தொடக்கத்தில் பழைய சுவிஸ் கடிகாரங்களின் விலை உச்சம் தொட்டு, அதன்பின் இறங்கியது. அந்த உச்சத்து எண்கள் இன்னும் பலர் நினைவில் தங்கியிருக்கின்றன. அந்த ஏற்றம்கூடப் பெரும்பாலும் டேடோனா, நாட்டிலஸ் போன்ற சில மாதிரிகளைச் சுற்றியே நடந்தது. உண்மையில் முடிந்த விற்பனைகளைக் காட்டி, முகப்பு மாறியதற்கும் செயின் தளர்ந்திருந்ததற்கும் எவ்வளவு குறைத்திருக்கிறேன் என்பதையும், என் லாபமாக எவ்வளவு எதிர்பார்க்கிறேன் என்பதையும் தாளில் எழுதியே கொடுத்தேன். 3,80,000 ரூபாய்க்கு முடிந்தது. முழுத்தொகையும் வங்கி வழியாக அம்மாவின் கணக்குக்குச் சென்றது.

சர்வீஸுக்கு 32,000 ரூபாய் ஆயிற்று. மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெயிட்டு, ரப்பர் வளையங்களை மாற்றி, அழுத்தச் சோதனையும் செய்த பிறகு, வீச்சு 280க்கு மேல் ஏறி, நாளொன்றுக்கு 2 விநாடி முந்தும் நிலைக்கு வந்தது. பாலிஷ் மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கொலுசைப் பாலிஷ் போட்டால்தான் விலை; கடிகாரத்தைப் பாலிஷ் போட்டால் கால்களின் கூர்மை மழுங்கி விலை குறையும். சேலத்தில் வாங்க வருபவர்கள் முதலில் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். பார்த்தவுடன் கீறலைச் சுட்டி விலையைக் குறைக்கிறார்கள். அந்த நெருக்கடிக்குப் பணிந்து பாலிஷ் போட்டுக்கொண்டே போனால், பத்து ஆண்டுகளில் நம் பக்கத்தில் ஒழுங்கான பழைய கேஸ் ஒன்றுகூட மிஞ்சாது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

விற்பனைக்கு வைத்தபோது, முகப்பும் முட்களும் 2006இல் மாற்றப்பட்டவை என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். அதனால் சில சேகரிப்பாளர்கள் விலகினார்கள். பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் மட்டும் காட்டிக் கூரியரில் அனுப்பச் சொன்ன ஒருவரிடம் அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டேன். வாங்கியவர் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழில் செய்பவர். தினமும் கட்டிக்கொள்ளத் தேடினார். முகப்பு புதியது என்பது அவருக்குக் குறையாகத் தோன்றவில்லை, இரவில் மணி தெரிவது வசதி என்றே சொன்னார். “ரொக்கமாவே குடுத்தர்றனுங்க, உங்களுக்கும் வேலை சுலபம்” என்றபோது மறுத்துவிட்டேன். ஒரே பரிமாற்றத்தில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2017 ஏப்ரல் முதல் சட்டம் தடுக்கிறது. மீறினால் அந்தத் தொகைக்கு இணையான அபராதம் பணத்தைப் பெற்றவர் மீதே விழும். 2025 ஏப்ரல் 22 முதல் விலையுயர்ந்த கடிகாரங்களுக்கு வந்த, விற்பவர் வாங்குபவரிடம் வசூலிக்கும் 1 விழுக்காட்டு வருமான வரி தமக்கும் உண்டா என்று கேட்டார். அது 10 லட்சத்துக்கு மேற்பட்ட விலைக்கு மட்டுமே. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளோடு செய்த வணிக ஒப்பந்தம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டதால் புதிய கடிகாரங்களே மலிவாகிவிடாதா என்பது அவருடைய அடுத்த கேள்வி. அந்த வரிக்குறைப்பு ஆண்டுகள்தோறும் படிப்படியாக வருவது. தயாரிப்பு நின்றுபோன மாதிரியின் விலையை அது உடனே அசைக்காது என்பது என் கணிப்பு.

தமக்குத் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் அவர் கடிகாரத்தைக் காட்ட விரும்பினார். நானும் உடன் சென்றேன். மறுபடியும் பின்மூடி திறந்து, அளந்து, மூடிய பிறகு, 4,65,000 ரூபாய் என் வங்கிக் கணக்கில் வந்ததை உறுதி செய்துகொண்டு கடிகாரத்தைக் கொடுத்தேன். மெஷினுக்கு ஓராண்டு உத்தரவாதத்தை எழுத்தில் தந்தேன். நீர் புகுந்தால் அந்த உத்தரவாதம் பொருந்தாது என்பதையும் அதிலேயே எழுதினேன்.

கணக்கு இப்படி. பழைய பொருளை வாங்கி, வாங்கும்போது கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ளாமல் விற்பவருக்கு, ஜிஎஸ்டி விதிகளின்படி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீதே வரி. 85,000 ரூபாய் வித்தியாசத்துக்குள் அடங்கிய 18 விழுக்காட்டு வரி ஏறத்தாழ 13,000. சர்வீஸ் செலவும் போக 40,000 ரூபாய் என்னிடம் நின்றது. அதற்கு வருமான வரி தனி. முழு விலைக்கும் வரி உண்டு என்று எண்ணிக்கொண்டு பில் இல்லாமலே விற்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். வித்தியாசத்துக்கு மட்டும்தான் வரி என்பதை அவர்களில் பலரிடம் யாரும் எடுத்துச் சொன்னதே இல்லை.

மூலக் காகிதங்கள் அனைத்தையும் வாங்கியவரிடம் கொடுத்துவிட்டு, நகல்களோடு வாரிசுக் கடிதத்தையும் டைமிங் அளவுகளையும் ஒரே கோப்பில் போட்டு, கொலுசுக் கணக்குகள் இருக்கும் அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். அந்த ஆண்டின் ஜிஎஸ்டி ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் அதை வைத்திருக்க வேண்டும்.